முதலில் கரண்டைப் பிடுங்குங்கள்: கணினிக் கடை அண்ணாச்சியின் பதில்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் செங்கோட்டையில் மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே மலை கருக்கும். நாலு மணிக்கு இடி இறங்கும். ஐந்து மணிக்கு என் கடை வாசலில் யாராவது மஞ்சள் பையோடு நிற்பார்கள். பைக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். தபாலில் வருவதும் அதே கதைதான். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஹார்ட் டிஸ்க் சங்கதி. பிரிண்டர் மை, வைஃபை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, எங்கள் டிடிபி கடையில் தமிழும் மலையாளமுமாகக் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிறோம். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. ஒரு வாரமாக ஒரு ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிஷம் எடுக்கிறது. நேற்று கம்ப்யூட்டரைப் போட்டதும் ‘ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்’ என்று வந்து 11 சதவீதத்தில் நிற்கிறது. முடியட்டும் என்று விட்டுவிடலாமா? கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன் வேலை வந்துவிடும். பழைய டிசைன் எல்லாம் அதில்தான் இருக்கிறது. (வாசகி, ஆரியங்காவு)

விடாதீர்கள் தங்கச்சி. இதைப் படிக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தால் போய் அணைத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

விண்டோஸ் அந்த நேரத்தில் பார்ப்பது கணக்குப்பிள்ளை வேலை. எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பேரேடு உண்டு. அதைச் சரிபார்த்து, ஒத்துவராத வரியை அடித்துத் திருத்தும். திடீரென்று கரண்டு போய்ப் பேரேடு மட்டும் குழம்பியிருந்தால் அது நல்ல வேலைதான். உங்களுக்கோ பேரேடு எழுதிய தாளே, அதாவது ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டே, இற்றுப்போகிறது. படிக்க முடியாத பக்கத்தை இல்லாத பக்கம் என்று முடிவு கட்டி, அந்தத் தீர்ப்பையும் இற்றுப்போன அதே தாளின் மேலேயே எழுதும். இதே சரிபார்ப்பைக் கருப்புத் திரையில் ‘செக்டிஸ்க்’ என்று தட்டி, கூடவே ‘ஆர்’ சேர்த்து ஓட்டுகிறார்களே, அது இன்னும் மோசம். வட்டின் ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்க்கச் சொல்லும் கட்டளை அது. நெஞ்சுவலிக்காரரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது போல.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2009இல் பாவூர்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி வட்டைக் கொண்டுவந்தார். கொல்லம், புனலூர்க் கடைகளுக்குக் கடனாகப் போன சரக்கின் நாலு வருஷக் கணக்கு அதில் இருந்தது. அப்போது எனக்குத் தெரிந்த வைத்தியம் செக்டிஸ்க் ஒன்றுதான். ராத்திரி ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் கணக்கு ஃபோல்டரைக் காணோம். ‘ஃபவுண்ட் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்’ என்று ஒரு புது ஃபோல்டர். உள்ளே பெயரில்லாத நூற்றுக்கணக்கான துண்டு ஃபைல்கள். மத்தியானத்துக்குள் வட்டு மூச்சை நிறுத்திவிட்டது. அந்த மனிதர் என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, “சேட்டா, நீங்கள் எனக்கு எவ்வளவு தரணும்?” என்று கேட்டார். பெரும்பாலும் உண்மையைச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், “நீங்கதான் எனக்குத் தரணும்” என்றாராம். அன்றைக்கு நான் வாங்காத கூலி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மெதுவாகிவிட்டது என்றதும் வட்டு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அப்புறம் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த ‘ஸ்மார்ட்’ குறிப்பைக் காட்டும். நீலம் என்றால் சுகம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. நிறத்தை மட்டும் நம்பாமல் நாலு வரியைப் பாருங்கள். 05 என்ற வரி, பழுதான இடத்துக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கிய எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நிறுத்திவைத்த இடங்கள். சி6, திருத்தவே முடியவில்லை என்று கைவிட்டவை. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் வட்டு நல்லபடி இருக்கிறது, கேபிள்தான் கோளாறு. இந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். அமைப்பில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தெரியாமல் ‘10’ என்று பார்த்துப் பத்து என்று நினைப்பீர்கள், அது பதினாறாக இருக்கும்.

ஒரு ஃபோல்டருக்கு ஐந்து நிமிஷம் என்கிறீர்கள். சி5 வரியில் ஏதோ ஒரு எண் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். படிக்க முடியாத இடம் வந்தால் வட்டு சும்மா விடாது, திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அதுவரை கம்ப்யூட்டர் வாயைப் பிளந்து காத்திருக்கும். அந்த ஐந்து நிமிஷம் அப்படித்தான் போகிறது.

இந்த வட்டுக்கு இன்னும் எத்தனை மணி நேர ஆயுள் என்று எவராலும் சொல்ல முடியாது. இருக்கிற நேரத்தைத் தேடுவதற்கோ திருத்துவதற்கோ செலவழிக்காமல் பெயர்த்து எடுப்பதற்கு மட்டும் செலவழியுங்கள். திருத்தம் எல்லாம் நகலின் மேல். அசல் வட்டின் மேல் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது.

அதற்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ் வேண்டும். உபுண்டு போதும், நிறுவ வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸில் செருகினால் அது நல்லெண்ணத்தில் சிறுபடம் தயாரிக்கிறேன், அட்டவணை போடுகிறேன் என்று வட்டைக் குடைய ஆரம்பித்துவிடும். பழுதான வட்டை யுஎஸ்பி பெட்டியில் போடாமல் நேரே மதர்போர்டு கேபிளில் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், சூடு தாங்காது. நகல் போகிற வட்டு அசலைவிடப் பெரியதாக இருக்கட்டும். 2 டெராபைட் வாங்கிவிடுங்கள், அப்புறமும் உபயோகப்படும்.

பெயர்த்தெடுக்கும் கருவியின் பெயர் ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’. இலவசம். 2004இலிருந்து இருக்கிறது. இதற்கு ஒரு நல்ல குணம்: பந்தியில் பரிமாறத் தெரிந்தவன் மாதிரி, எளிதாக வருவதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப்போய், கடைசியில்தான் திரும்ப வந்து கெஞ்சிப் பார்க்கும். எதை எடுத்தது, எது பாக்கி என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். ஆகையால் நடுவில் கரண்டு போனாலும், வட்டு சூடாகி நீங்களே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபட ஃபைலைக் கொடுக்காமல் ஓட்டினால் இந்தச் சௌகரியம் கிடையாது. என் கடைக்கு உதவிக்கு வருகிற பையன்கள் எல்லோரும் ஒரு முறையாவது மறந்திருக்கிறார்கள்.

கட்டளை வரியைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டால் பிழையாகத்தான் தட்டுவீர்கள். கருவியோடு வரும் கையேட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நான் சொல்ல வேண்டும்: முதலில் எழுதுவது அசல், இரண்டாவது நகல். இதை மாற்றிப் போட்டால் காலியான புது வட்டு உங்கள் ஏழு வருஷத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். என்டர் தட்டுவதற்கு முன்னால் இரண்டு வட்டின் அளவையும் சீரியல் எண்ணையும் காகிதத்தில் எழுதி, இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

நல்ல வட்டு நொடிக்கு நூறு மெகாபைட் கொடுத்தால் ஒரு டெராபைட் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்களுடையது இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். வேகம் குறைந்தால் பயப்படாதீர்கள். சத்தம் மாறினால் மட்டும் நிறுத்துங்கள். முடிந்ததும் நகலைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற மென்பொருள் கொண்டு பேரேட்டைச் சீராக்கலாம், நகலின் மேல் மட்டும். செக்டிஸ்க்கையும் அங்கே ஓட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று. வட்டு இப்போதும் திறக்கிறது, ஐயப்ப சீசன் டிசைன் ஃபோல்டர் ஒன்றிரண்டு ஜிபிதான் என்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். முழு நகல்தான் முதலில் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. வீடு எரியும்போது பீரோவையே தூக்க வேண்டும் என்று நான் நிற்க மாட்டேன்.

ஐயா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். பன்னிரண்டு வருஷமாகச் சுற்றுவட்டக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு செய்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தேன். மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. இப்போது செருகினால் டக், டக், டக் என்று பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. பேரன் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைக்கலாம் என்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் மூடியைத் திறந்து ஊசியைத் தள்ளிவிட்டால் போதும் என்கிறான். (வாசகர், பண்பொழி)

வாத்தியார் ஐயா, இரண்டு பையன்களிடமிருந்தும் அந்த வட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

அந்த டக் சத்தம் படிக்கும் தலை தன் இடம் தெரியாமல் கோடிக்குப் போய் முட்டித் திரும்பும் சத்தம். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. தலை அதைத் தொடுவதில்லை, சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. விழுந்த வேகத்தில் தலை வளைந்திருக்கலாம், தட்டிலேயே ஒட்டியிருக்கலாம். ஒவ்வொரு தடவை செருகும்போதும் வளைந்த தலை தட்டைக் கீறிக்கொண்டு போனால், கீறின இடத்துப் பாட்டு போனது போனதுதான். எந்த ஊர்ப் பெரிய நிபுணராலும் தூளைத் திரும்ப ஒட்ட முடியாது. எத்தனை தடவை செருகிப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இனிமேல் வேண்டாம்.

ஃப்ரீசர் வைத்தியம் பழைய காலத்து வட்டுகளில் எப்போதோ எவருக்கோ பலித்த கதை. வட்டின் மேல் ஊசிமுனை அளவில் ஒரு மூச்சுத் துளை இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும், குளிர்ந்த செம்பின் வெளியே வேர்க்கிறதே, அதே போல உள்ளே தட்டின் மேல் வேர்க்கும். அதிலும் குண்டாற்றுத் தண்ணீர்க் காற்று வீசுகிற நம் ஊரில் கேட்க வேண்டுமா. மூடியைத் திறப்பதும் அதே கதி. தலை மிதக்கும் உயரத்தோடு பார்த்தால் ஒரு தூசி, பாறாங்கல். தூசி வடிகட்டிய அறையில், அதே மாடல் வட்டிலிருந்து தலைத் தொகுதியை எடுத்து மாற்றித்தான் படிக்க வேண்டும். அது திருவனந்தபுரம், கொச்சி, சென்னை மாதிரி ஊர்களில் இருக்கும் மீட்பு லேப் வேலை. என் கடை வேலை கிடையாது, தென்காசியில் எந்தக் கடை வேலையும் கிடையாது. “நான் திறந்து சரி பண்ணித் தருகிறேன்” என்று மேஜையில் ஸ்க்ரூடிரைவரோடு ஒருவர் சொன்னால் வட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

லேபுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. பன்னிரண்டு வருஷப் பதிவில் முதல் சில வருஷம் எதில் பதிந்தீர்கள்? சின்ன ரெக்கார்டரா, அதன் மெமரி கார்டு இருக்கிறதா? வில்லுப்பாட்டுக்காரருக்கோ கோயில் கமிட்டிக்கோ பென்டிரைவில் கொடுத்ததுண்டா? கொடைப் பதிவை ஒரு ஆள் கேட்டு வாங்காமல் இருந்ததாக நான் பார்த்ததில்லை. ஊர் ஊராகப் போன் போடுங்கள். எது எங்கே கிடைக்கிறது என்று பட்டியல் போட்டால், லேபில் கேட்கும் பணத்துக்கு எது பாக்கி என்பது தெரியும். எல்லாமே கிடைத்துவிட்டால் லேபே வேண்டாம்.

சில வெளி வட்டுகளில் கடவுச்சொல் போடாவிட்டாலும் பெட்டியில் இருக்கும் சிறு போர்டு எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதும். ஆகையால் லேபுக்கு அனுப்பும்போது பெட்டி, போர்டு, கேபிள் எதையும் தூக்கிப் போடாமல் மொத்தமாக அனுப்புங்கள்.

இடி விழுந்த மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் ஆன் ஆகிறது! வட்டின் போர்டில் லேசாகக் கருகின வாசனை. பழைய சாமான் கடையில் அதே கம்பெனி போர்டு கிடைத்தால் மாற்றிவிடலாமா? (வாசகர், புளியரை)

நல்ல சேதி உங்களுக்கு. கருகினது போர்டு என்றால் உள்ளே தட்டும் தலையும் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

3.5 அங்குல வட்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் என இரண்டு வழியில் மின்சாரம் வருகிறது. இரண்டு வழியிலும் வாசலில் காவலாளி மாதிரி ஒரு சின்ன டயோடு, டிவிஎஸ் என்பார்கள். வரம்பு மீறி மின்சாரம் வந்தால் அது தன் உயிரைக் கொடுத்து ஷார்ட் ஆகிவிடும். அந்த ஷார்ட்டைப் பார்த்து, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, தனக்கு ஆபத்து என்று ஆன் ஆக மறுக்கிறது. வட்டைக் கழற்றியதும் ஓடுவதன் ரகசியம் இதுதான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஆள் அந்த டயோடைச் சோதித்து, அது மட்டும் போயிருந்தால் எடுத்துவிடுவார். வட்டு ஓடும். காவலாளி இல்லாத வீடு, நகல் எடுக்கும் வரைக்கும்தான் அந்த ஓட்டம்.

போர்டு மாற்றுவது பற்றி: இருபது வருஷத்துக்கு முன்னால் அது நடந்தது. இப்போது ஒவ்வொரு வட்டுக்கும் தன் தலைகளுக்கு மட்டும் பொருந்தும் அளவுக் குறிப்பு உண்டு, போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சிப்பில் இருக்கும். கம்பெனி, மாடல், போர்டு எண் எல்லாம் ஒத்துப்போனாலும் அந்தச் சிப்பை உங்கள் பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்றி ஒட்ட வேண்டும். சில மாடல்களில் அந்தக் குறிப்பு பெரிய சிப்புக்குள்ளேயே இருக்கும், அது இன்னும் சிக்கல். கருகின போர்டைக் குப்பையில் போடாதீர்கள். சாவி அதில்தான்.

புளியரையில் இடி எப்படி என்று எனக்குத் தெரியும், என் மாமனார் ஊர். ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். டெலிபோன் ஒயர் வழி இன்டர்நெட் வந்தால் அதையும்.

சாரல் காலத்தில் ஈரம் இறங்காமல் ஹார்ட் டிஸ்க் மேல் இருக்கும் சின்னத் துளையை செல்லோ டேப் வைத்து ஒட்டலாமா? (வாசகர், இலஞ்சி)

பக்கத்திலேயே ‘இந்தத் துளையை மூடாதே’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்குமே! உள்காற்றழுத்தமும் வெளிக்காற்றழுத்தமும் சமமாக இருந்தால்தான் தலை சரியான உயரத்தில் மிதக்கும். துளைக்கு உள்ளே வடிகட்டி உண்டு. டேப்பை எடுத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் முதன்முதலில் எப்போது வந்தது? ஒரு டெராபைட் வாங்கினால் ஏன் 931 ஜிபி என்று காட்டுகிறது? (பத்தாம் வகுப்பு மாணவி, அச்சன்புதூர்)

1956, மகளே. ஐபிஎம் செப்டம்பர் மாதம் வெளியிட்ட ராமாக் என்ற கணினியோடு வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், அண்டா மூடி அடுக்கி வைத்த மாதிரி. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. உன் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்கினால் அதிசயம். அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதிதான் நம் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பரீட்சையில் இரண்டையும் சேர்த்து எழுதாதே, மார்க் போடமாட்டார்கள்.

931க்குக் காரணம் கள்ளத்தனம் இல்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்குகிறது. படி அளவும் லிட்டர் அளவும் மாதிரி.

அண்ணாச்சி, உங்கள் முந்தைய பதிலைப் படித்து ‘மை டாகுமெண்ட்ஸ்’ முழுவதையும் காப்பாற்றிப் புது கம்ப்யூட்டரில் போட்டேன். ஃபைல் எல்லாம் திறக்கிறது. ஆனால் உள்ளே தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கியிருக்கிறது. டேட்டா கெட்டுவிட்டதா? (வாசகர், புனலூர்)

கெடவில்லை. இது எல்லைக்கு இருபுறமும் உள்ள டிடிபிகாரர்களுக்கே உரிய தலைவலி.

அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் காலத்து வேலைகள், எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் இல்லை. பேஜ்மேக்கரே 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்த நாளில் தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகா என்று எழுத்துரு போட்டு அடித்தோம். கணினியின் கண்ணுக்கு அது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு மேலே சட்டை மாட்டி அதைத் தமிழாக, மலையாளமாகக் காட்டியது. நீங்கள் ஆளைக் காப்பாற்றிவிட்டுச் சட்டையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். முழு வட்டையும் நகலெடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எது தேவைப்படும் என்று அவசரத்தில் எவருக்கும் தோன்றாது.

பழைய வட்டு இன்னும் உயிரோடு இருந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் எடுங்கள், சில நூறு எம்பிதான். இல்லையென்றால் கூடத் தொழில் செய்யும் எவரிடமாவது அதே எழுத்துரு இருக்கும். ஒத்த பெயரில் வேறு எழுத்துரு போட்டால் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் வரும். மலையாளத்தில் கூட்டெழுத்து மாறிப்போனதைத் தமிழ்ப் பையன் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பி, மணமகள் பெயரே மாறிப்போன பத்திரிகை ஒன்று என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. தமிழ் ஃபைல்களை என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண போட்டோக்களை கேமரா கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஏற்றிவிட்டு, கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்தேன். மறுநாள் லேப்டாப்பில் தவறான ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டேன். லேப்டாப்பில் எஸ்எஸ்டி. ஐந்து மீட்பு மென்பொருள் போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. பெண் வீட்டார் தென்மலை, மாப்பிள்ளை வீட்டார் கடையநல்லூர். இரண்டு பக்கமும் உதைப்பார்கள். (ஸ்டூடியோக்காரர், தென்காசி)

தம்பி, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாய்.

எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதும் வட்டு. அதில் அழித்தால் விண்டோஸ் உடனே ‘டிரிம்’ என்று சேதி அனுப்பும். இந்த இடம் இனி வேண்டாம் என்று அர்த்தம். எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அந்த இடத்தைத் துடைத்துவிடும். விண்டோஸ் 7இலிருந்து இதுதான் வழக்கம். சுற்றும் வட்டில் அழித்தது பல நாள் கிடக்கும், இதில் கிடக்காது. ஆறாவது மென்பொருளும் வேண்டாம்.

கார்டு எங்கே? கேமரா செய்யும் சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் பேரேட்டை மட்டும் அழிக்கும், படம் அப்படியே இருக்கும். ‘லோ லெவல்’ ஃபார்மேட் என்று நீ தேர்ந்தெடுத்திருந்தால் வேறு கதை. அதற்கப்புறம் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் இருந்தால் நீ அதிர்ஷ்டசாலி. எடுத்திருந்தால் அந்த அளவுக்கு நஷ்டம். கார்டின் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளிவிட்டு, முன்னால் சொன்னபடி முழு நகல் எடு. நகலின் மேல் ‘ஃபோட்டோரெக்’ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டு. மீட்ட படங்களைக் கார்டிலேயே சேமிக்காதே, வேறு வட்டில் சேமி. ஃபைல் பெயர் எல்லாம் போய் ‘எஃப்’ போட்டு நீள எண்ணாக வரும். கவலைப்படாதே, படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், அதன்படி வரிசைப்படுத்தினால் தாலிகட்டும் சாப்பாடும் தத்தம் இடத்துக்குப் போய்விடும். வீடியோ துண்டு துண்டாக வரலாம், அதற்கு நான் உறுதி தரமாட்டேன்.

லேப்டாப் மதர்போர்டு போய்விட்டது. உள்ளே இருந்த எஸ்எஸ்டியைக் கழற்றி நண்பனின் கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே? (கல்லூரி மாணவர், கொல்லம்)

நீ போடவில்லை, விண்டோஸே போட்டிருக்கிறது. பிட்லாக்கர் என்று பெயர், வட்டில் இருப்பதை எல்லாம் பூட்டி எழுதும் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து லேப்டாப்பை முதலில் அமைத்திருந்தால் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதே மின்னஞ்சலில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பார். சாவி இல்லாவிட்டால் வட்டு நல்லபடி இருந்தும் திறக்காது. லேபுக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்காதே.

லேபுக்கு அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். என்ன கேட்க வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும்? (வாசகர், மேக்கரை)

நாலு கேள்வி கேளுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு? டேட்டா வராவிட்டால் எவ்வளவு? பணம் கட்டுவதற்கு முன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவீர்களா? உள்ளே எதையாவது மாற்றுவதற்கு முன் என்னிடம் கேட்பீர்களா? பதிலை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வட்டைப் பார்க்காமலே “நூறு சதவீதம் வந்துவிடும்” என்று சொல்கிற இடத்தை விட்டு அடுத்த எண்ணுக்குப் போன் போடுங்கள். உங்களுக்குத் தேவையான ஃபோல்டர் பெயர்களை முக்கியத்துவ வரிசையில் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். வட்டு பாதியில் நின்றாலும் முதலில் வேண்டியது வந்திருக்கும்.

வட்டை நிலைமின்சாரம் தடுக்கும் சாம்பல் நிறக் கவரில் போடுங்கள். கம்ப்யூட்டர் கடையில் சும்மா கேட்டாலே தருவார்கள். மேலே குமிழிப் பிளாஸ்டிக் இரண்டு விரல் தடிமனுக்குச் சுற்றி, பெட்டிக்குள் ஆடாமல் வையுங்கள். பஸ் பார்சலில் மட்டும் போடாதீர்கள். கோட்டைவாசல் தாண்டி அந்த வளைவுகளில் பின்சீட்டு ஸ்டெப்னி டயர் மேல் உருண்டு போய்ச் சேர்ந்த வட்டு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், கொடுத்தபோது டக் டக் என்றது, சேர்ந்தபோது சரக் சரக் என்றது. சென்னை என்றால் பொதிகை ரயிலில் ராத்திரி ஏறி, மடியில் வைத்துக்கொண்டு போய்விடுங்கள்.